ஒரு கட்டில், இரண்டு குழாய்கள்

அந்தக் கட்டில் ஆறிக் கிடந்து நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. ஒரகடத்தில் பெருஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெருவொன்றில், ஒரு வாடகை வீட்டின் மாடியறையில், சன்னலை ஒட்டிக் கிடந்த இரும்புக் கட்டில் அது. பகல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவள் எழுந்து தலை வாரிக்கொண்டிருக்கும்போதே, இரவு ஷிப்ட் முடித்தவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அதில் சாய்ந்துவிடுவாள். மாலையில் இவள் எழுவாள், அவள் வருவாள். மெத்தை ஒன்று, தலையணை உறையும் போர்வையும் மட்டும் தனித்தனி. வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும்போது பகலில் உறங்கியவளும் இரவில் உறங்கியவளும் இடம் மாறிக்கொள்வார்கள். அந்த அறையின் எல்லாக் கட்டில்களுக்கும் இதுதான் சட்டம். ஒருத்தி இரவும் பகலும் கட்டிலிலேயே கிடக்க வேண்டுமென்றால் அவள் வேலையை விட்டவளாக இருக்க வேண்டும். வேலையை விட்டவளுக்கு அங்கே கட்டில் கிடையாது.

தொழிற்சாலைகளுக்குத் துப்புரவுப் பணியாளர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவர் செய்த ஏற்பாடு இது. பாகம் பொருத்தும் லைனில் நிற்க இருபது வயதுப் பெண்களைத் தேடுகிறவர்கள், முப்பதைத் தாண்டியவர்களின் கையில் துடைப்பத்தையும் மாப்பையும் கொடுக்கிறார்கள். அந்த விடுதி முழுக்க அப்படிப்பட்ட பெண்கள். அவர்களுடைய வயதை முன்னிட்டே, பெண்களுக்கு வரும் ஒரு நோயை ஆராய வந்த குழு அந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தது.

நான் படப்பையில் வசிக்கிறேன். முதுகலைத் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். ஆய்வைப் பற்றி ஆங்கிலத்தில் இருந்த விளக்கத்தைத் தமிழில் எழுதி, அதைப் பெண்களிடம் வாசித்துப் புரியவைக்க, கோடை விடுமுறையில் அந்தக் குழுவுக்கு ஒருத்தி தேவைப்பட்டாள். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. எழுதி வைத்ததை வாசிக்க வரும். அந்தத் துணிவில் சேர்ந்தேன்.

ஆய்வின் நோக்கத்தில் எனக்கு அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை. கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். உள்ளே நெடுங்காலம் தங்கிவிட்டால்தான் அது நோயாக மாறும்; அதற்குள் கண்டுகொண்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். தடுக்கக்கூடிய இந்த நோயால் நம்முடையதைப் போன்ற நாடுகளில் பெண்கள் சாகிறார்கள் என்றால், காலத்தில் யாரும் பார்ப்பதில்லை என்பதே காரணம். மருத்துவமனைக்குப் போக நேரமில்லாத ஒருத்தி, தன் இருப்பிடத்திலேயே ஒரு சிறு பிரஷ்ஷால் தானே மாதிரி எடுத்துக் கொடுத்தால் போதுமா? இதுதான் ஆய்வின் கேள்வி. நல்ல கேள்வி. அதை நான் நம்பினேன். நம்பியதால்தான் இவ்வளவு கோபம்.

ஆங்கில விளக்கத்தில் எங்கள் பெண்கள் "வளங்குறைந்த சூழலில் வாழ்பவர்கள்" என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். அதை நான் தமிழில் எழுதவில்லை. கப்பலேறக் காத்திருக்கும் புதுக் கார்கள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வரிசையாக நிற்கும் ஊர் இது. இங்கே வளம் குறைவு என்று யார் முகத்தைப் பார்த்து வாசிப்பது? மாறாக, வேறொரு வாக்கியத்தை மிகுந்த கவனத்தோடு எழுதினேன்: "பரிசோதனையில் என்ன தெரிந்தாலும், நாங்களே நேரில் வந்து உங்களிடம் சொல்வோம்." அதை என் குரலில், ஒவ்வோர் அறையிலும், அவர்களுடைய கண்களைப் பார்த்து வாசித்தேன்.

முதல் நாள் காலை அந்த மாடியறையில் பிரஷ்ஷை உயர்த்திக் காட்டியபோது சிரிப்பு வெடித்தது.

"அய்யே, இன்னா டீச்சரம்மா! ராத்திரி பூரா கக்கூஸ் கழுவினது பத்தாதுன்னு இதுக்கும் ஒரு பிரஷ்ஷா?" என்றார், அப்போதுதான் வந்து சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா. ஆரணிப் பக்கத்துக்காரர். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. எதையும் கேலியில்தான் தொடங்குவார்.

"வலிக்காதுக்கா. நீங்களே எடுத்துக்கலாம்."

"நான் எடுக்கிறது இருக்கட்டும். இதே கட்டில்ல இன்னொருத்தி கீறாளே, தென்காசிக்காரி, அவளைப் பாரு மொதல்ல. வெள்ளை படுது, இடுப்பு நோவுதுன்னு எப்பப் பாரு பொலம்பினே கீறா. எனக்கு இன்னா? கல்லு மாதிரி கீறேன்."

அந்தத் தென்காசி அக்காவை மாலையில் பார்த்தேன். அவர் கணவரும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். ஒரே மெத்தையில் உறங்கும் இந்த இருவரும் வாரத்தில் ஒரு நாள்தான் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். மற்ற நாட்களில் தலையணைக்கு அடியில் ஒருவர் மற்றவருக்கு எதையாவது வைத்துவிட்டுப் போவார்: ஒரு நாள் கடலை மிட்டாய், ஒரு நாள் பாதி தீர்ந்த தைலப் புட்டி. ஒருவரை ஒருவர் "என் கட்டில்காரி" என்றுதான் சொல்வார்கள்.

"காலைல எங் கட்டில்காரி எடுத்துக் குடுத்துட்டாளா? அப்பம் எனக்கும் தா," என்று கையை நீட்டினார் தென்காசி அக்கா. "என்ன சொன்னா அவ? என் நோவத்தான சொல்லிருப்பா. ஊர் பூரா தமுக்கடிச்சிட்டுல்லா திரிவா!"

தவறு அங்கே நடந்தது. அப்படிப்பட்ட விடுதியில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு.

பெண்களின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அந்த எண்ணை அலுவலகம் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது: விடுதி, அறை, கட்டில். ஒப்பந்தக்காரர் தந்தது கட்டில் கணக்கு. ஒரு கட்டில் என்றால் ஒரு பெண் என்று, தன் கட்டிலில் தான் மட்டுமே உறங்குகிற யாரோ நினைத்துக்கொண்டார். காலையில் ஒரு குழு, இரவு ஷிப்ட் முடித்தவர்களிடம் மாதிரி வாங்கியது. மாலையில் வேறொரு குழு, பகல் ஷிப்ட் முடித்தவர்களிடம் வாங்கியது. இரண்டு குழுக்களும் கட்டிலைப் பார்த்து எண்ணை ஒட்டின. நான் வாசித்து முடித்து அடுத்த அறைக்குப் போன பிறகு நடந்த வேலை அது. ஆக, சன்னலோரக் கட்டிலின் ஒரே எண்ணைச் சுமந்துகொண்டு இரண்டு மாதிரிக் குழாய்கள் ஆய்வகத்துக்குப் போயின.

எனக்கு இது தெரியவந்தது முடிவுகள் வந்த பிறகு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்கு மேலே இருந்த அலுவலகத்தில். ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் மென்மையாகப் பேசும் பெண்மணி. கடிந்து ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை.

"அந்த ஹாஸ்டல் கட்டில்கள்ல டூப்ளிகேட் வந்திருக்கும்மா," என்றார். "ஒரே நம்பர்ல ரெண்டு ட்யூப். நல்லவேளை, எல்லாத்துலயும் ரெண்டுமே நெகட்டிவ். அதனால பிரச்சினை இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் மேட்ச் ஆகல. ஒரு ட்யூப்ல வைரஸ் இருக்கு, இன்னொண்ணுல இல்ல."

"எந்தக் கட்டில் மேடம்?"

எண்ணைச் சொன்னார். சன்னலோரக் கட்டில்.

"அப்போ அந்த ரெண்டு அக்கால ஒருத்தருக்கு இருக்கு."

"யாருக்குன்னு நாம சொல்ல முடியாதில்ல? அதனால ரெண்டையுமே நீக்கிட்டோம். இப்போ டேட்டா க்ளீனா இருக்கு."

"ரெண்டு பேர்கிட்டயும் மறுபடி எடுத்துப் பாக்கலாமே மேடம்?"

"சாம்பிள் எடுக்கிற கட்டம் முடிஞ்சுபோச்சும்மா. திரும்ப எடுக்கணும்னா மேல அனுமதி கேக்கணும், ரிப்போர்ட் தள்ளிப்போகும். நீ லிட்ரேச்சர் பொண்ணு, எமோஷனலா பாக்குற. இந்த வைரஸ் நிறைய பேருக்குத் தானா போயிடும்."

"தானா போகாதவங்களுக்காகத்தானே மேடம் இந்த ஆய்வே?"

அவர் புன்னகைத்தார். கோபித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். "பொதுவா ஒரு விழிப்புணர்வு மாதிரி ரெண்டு பேருக்கும் சொல்லிடு. ஜி.ஹெச்.ல காட்டிக்கச் சொல்லு," என்றார். பிறகு கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படிக்கட்டில் இறங்கி வந்து பேருந்துக்கு நின்றேன். எதிரே ஒரு கன்டெய்னர் லாரி முனகிக்கொண்டு திரும்பியது. இந்தச் சாலையின் தொழிற்சாலைகளில் ஒரு சிறு பாகத்துக்கும் தனி அடையாளம் உண்டு. எந்த நாளில், எந்த லைனில், யார் ஷிப்டில் பொருத்தப்பட்டது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிரேக்கில் குறையென்று சந்தேகம் எழுந்தால், நாட்டின் எந்த மூலைக்குப் போன வண்டியையும் திரும்ப அழைப்பார்கள். எது குறையுள்ளது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் அழைப்பார்கள். இரண்டு வண்டிகளில் ஒன்றில் குறை இருக்கிறது, எதில் என்று தெரியவில்லை, ஆகவே இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம் என்று அங்கே ஒருவர் சொன்னால், அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அந்தத் தொழிற்சாலைகளின் கழிவறையைக் கழுவுகிற இரண்டு பெண்களை அழைத்துப் பார்க்க மேலிடத்து அனுமதி வேண்டும். இதற்குப் பெயர்தான் வளங்குறைந்த சூழலா?

ஷிப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இருவரும் ஒருசேர அறையில் இருப்பார்கள். நான் போனபோது கட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்து, நடுவில் செய்தித்தாள் விரித்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொண்டுபோகாமல் பேசினேன். ஒரே எண்ணில் இரண்டு குழாய்கள் போனதைச் சொன்னேன். இருவரில் ஒருவருக்கு அந்தக் கிருமி இருக்கிறது, அது புற்றுநோய் அல்ல, ஆனால் உடனே டாக்டர் உள்ளே பார்த்தாக வேண்டும், யாருக்கு என்று தெரியாது என்றேன்.

தென்காசி அக்கா கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார். "எனக்காத்தான் இருக்கும். நோவுன்னு கெடக்கவ நாந்தான."

"இல்ல பின்னே, எனக்கா? எம் புருசன் செத்தே எத்தினியோ வருசம் ஆவுது," என்றார் ஆரணி அக்கா. ஆனால் கேலி பாதியில் நின்றது.

எதிர்க் கட்டிலில் படுத்திருந்த ஒருத்தி தலையைத் தூக்கினாள். "ஆம்பள சமாச்சாரத்துல வர்றதுதான அது? அப்போ இந்தக் கட்டில்ல யாரோ ஒருத்தி யோக்கியம் சரியில்ல."

அறை சிரித்தது.

"இது யாரோட யோக்கியத்துக்கும் சர்டிபிகேட் இல்ல," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கல்யாணம் ஆன யாருக்கும் வரலாம். வாழ்க்கையில ஒரே ஆளோட இருந்தவங்களுக்கும் வரும். புருஷன் போன பிறகும் வருஷக்கணக்கா உள்ள இருக்கும். உங்களுக்கும் இருந்திருக்கலாம், தானா போயிருக்கலாம். சிரிக்கிறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

தென்காசி அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, இந்தப் புள்ளைக்கு வாயி இருக்கு பாத்தியா. நான் ஊமையோன்னு நெனச்சிட்டேன்."

அடுத்த வாரம் தென்காசி அக்காவுக்குப் பகல் ஷிப்ட், ஆரணி அக்காவுக்கு இரவு. விடுப்புக்கு ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரைக் கேட்க வேண்டும். வாசலில் பைக்கை நிறுத்தியபடியே அவர் பதில் சொன்னார்.

"ரெண்டு பேருமா? ஒரே நாள்லயா? இன்னா, கட்டிலோட சேத்து சீக்கும் ஷேரிங்கா? யாருக்கு நோவுதோ அவங்க போவட்டும். ஒருத்தருக்குத்தான் லீவு."

யாருக்கு என்பதில் அறையில் இரண்டு கருத்து இல்லை. நோவு தென்காசி அக்காவுக்கு. ஆகவே அவர்தான் போக வேண்டும். உள்ளூர நானும் அப்படித்தான் எண்ணினேன்.

"நீ போய்ட்டு வா," என்றார் ஆரணி அக்கா. "ஒனக்கு ஒண்ணுமில்லன்னா அப்பறமா நான் போறேன்."

அப்புறம் என்ற நாள் அந்த விடுதிக்கு வந்ததே இல்லை. பல்வலி, காய்ச்சல், பிள்ளையின் காதுகுத்து, எல்லாமே அங்கே அப்புறம்தான். இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் தென்காசி அக்கா.

"படுக்கையில மட்டும் பாதிப் பங்கு கேக்கத் தெரியுதுல்லா? இதுலயும் பாதி எடுத்துக்கோ. நீ வரலன்னா நானும் போவல. ரெண்டு பேரும் இங்கனயே கெடப்போம்."

"அடிப்பாவி, ராத்திரி பூரா நின்னுட்டு நான் எங்க வர்றது?"

"பஸ்ஸுல தூங்கு. ஓம் மெத்தையா நான் வாரேன்."

அப்படித்தான் போனோம். தென்காசி அக்கா விடுப்பு எடுத்தார். ஆரணி அக்கா இரவு ஷிப்ட் முடிந்து, சீருடையோடும் பினாயில் வாசனையோடும், நேரே பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். காஞ்சிபுரம் போகும் பேருந்தில் ஏறிய மறுகணம் உறங்கிவிட்டார். வாலாஜாபாத்தில் கூட்டம் நெரித்து ஏறியபோதும் விழிக்கவில்லை. அவர் தலை தென்காசி அக்காவின் தோளில் கிடந்தது. அந்தத் தோள் காஞ்சிபுரம்வரை அசையவில்லை.

அரசு மருத்துவமனையில் முதலில் தென்காசி அக்காவை உள்ளே அழைத்தார்கள். ஒரு மருந்து நீரைத் தடவி, சற்றுப் பொறுத்துப் பார்ப்பார்கள்; கெட்ட மாற்றம் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். அவர் சீக்கிரமே வெளியே வந்தார். சாதாரணத் தொற்றுதான், மாத்திரையில் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். முகத்தில் நிம்மதி வந்த வேகத்திலேயே போனது. அவருக்கு இல்லையென்றால் யாருக்கு என்பதை அவர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்.

ஆரணி அக்கா உள்ளே போனபோது நர்ஸ் ஒருமுறை வெளியே வந்து டாக்டரை அழைத்துப் போனார். கதவுக்கு இந்தப்பக்கம் குரல் கேட்டது.

"எனக்கு ஒரு நோவும் இல்லியே டாக்டரம்மா. கல்லு மாதிரி கீறேனே."

"நோவு வர்றதுக்கு முன்னாடி பாக்கத்தாம்மா இது. இப்ப வந்தது நல்லதாப்போச்சு."

சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது, புற்றுநோய் இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. அதை நோக்கிப் போகும் மாற்றம் முற்றிய நிலையில் இருந்தது. வேறொரு நாள் சிறிய அறுவையில் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். தொடர்ந்து வந்து காட்ட வேண்டும், சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். வாளி வாளியாகத் தண்ணீர் தூக்குவதே தொழிலாக உள்ளவரிடம்.

சூப்பர்வைசர் சொன்னபடி நோவுள்ளவர் மட்டும் போயிருந்தால், நோவே இல்லாத அந்த அக்கா அன்றும் உறங்கி எழுந்து வேலைக்குப் போயிருப்பார். அடுத்த ஆண்டும் போயிருப்பார். நோவு தொடங்கும் நாள்வரை போயிருப்பார். அலுவலகத்தின் கணினியில் அவர் ஏற்கெனவே இல்லை. எல்லாம் க்ளீனாக இருந்தது.

இரவு பகலாக ஒருத்தி கட்டிலில் கிடக்கக் கூடாது என்ற சட்டம் இப்போது முழுதாக வேலை செய்தது. ஓய்விலிருந்த ஆரணி அக்காவுக்குக் கட்டிலை விட்டுவிட்டு, தென்காசி அக்கா தரையில் பாய் விரித்து உறங்கினார். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்த மாலை, சூப்பர்வைசர் கீழேயிருந்தே கத்தினார்: "வேலைக்கு வராத ஆளுக்குக் கட்டில் இல்லன்னு தெரியாதா? வேற ஆள் வருது, காலி பண்ணச் சொல்லு!"

தென்காசி அக்கா மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, அது எனக்கும்தான கட்டிலு? நான் வேலைக்குப் போயிட்டுத்தான இருக்கேன்? எம் பாதியில அவ படுத்திருக்கா. அவ பாதிய வேணும்னா அறுத்து எடுத்துட்டுப் போங்க."

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள், எதிர்க் கட்டில்காரியும்கூட. பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. "ம்மே, சிரிக்க வெக்காதடீ, தையல் பிரிஞ்சிடப் போவுது," என்றார் ஆரணி அக்கா. தையல் எதுவும் கிடையாது. சும்மா சொன்னார்.

அதே வாரம் ஒருங்கிணைப்பாளர் ஆய்வின் சுருக்கத்தை எனக்கு அனுப்பினார். பங்கேற்ற பெண்கள் படிப்பதற்காகத் தமிழாக்கித் தர வேண்டும். அதில் ஒரு வாக்கியம்: பங்கேற்ற அனைவருக்கும் முடிவுகள் நேரில் தெரிவிக்கப்பட்டன. அவர்கள் கணக்கில் அது பொய்யும் அல்ல. நீக்கப்பட்ட இருவரும் பங்கேற்றவர்களே இல்லை. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வைரஸ் யாருக்கு இருந்தது என்று இப்போது தெரியும், மருத்துவமனைச் சீட்டும் இருக்கிறது, இருவரையும் திரும்பச் சேருங்கள், தவறு எப்படி நடந்தது என்பதையும் எழுதுங்கள், அப்போதுதான் நாளை வேறோர் ஊரில் கட்டிலுக்கு எண் போட மாட்டார்கள் என்றேன்.

"அந்த அக்கா நல்லா இருக்காங்கல்ல? அதுதாம்மா முக்கியம். பேப்பர் க்ளோஸ் பண்ணியாச்சு," என்றார், அதே மென்மையோடு.

"அப்போ 'அனைவருக்கும்'ங்கிற வார்த்தையை எடுத்துடுங்க மேடம்."

"அது இல்லாம எப்படிம்மா?"

நான் தமிழாக்கித் தரவில்லை. வேறு யாரோ செய்து கொடுத்துவிட்டார்கள். இப்போது அது அழகான நீல நிறத் தாளில் அச்சாகி, அந்த விடுதியின் மாடிப்படிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட ஆரணி அக்காவும், கட்டிலுக்குத் திரும்பிவிட்ட தென்காசி அக்காவும் காலையும் மாலையும் அந்தப் படிகளில்தான் எதிரெதிரே கடக்கிறார்கள்.

"அனைவருக்கும் சொல்லிட்டாங்களாம்டீ," என்பாராம் ஒருவர்.

"நாம அனைவரு இல்ல போல, நீ ஏறு," என்பாராம் மற்றவர்.

இதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரில் வந்து சொல்வோம் என்று அந்த அறையில் வாசித்த குரல் என்னுடையது.